இன்ஜின் பணமும் பதின்மூன்று லாட்டும்

ஒரு நிறுவனத்தின் பங்கு முதன்முதலாகச் சந்தைக்கு வரும் நாளில், காலை ஒன்பது மணியிலிருந்து போன் திரையில் ஒரு விலை ஆடிக்கொண்டிருக்கும். அது நிஜ விலை இல்லை. வாங்க நிற்பவர்களையும் விற்க நிற்பவர்களையும் வைத்து, பத்து மணிக்கு வியாபாரம் தொடங்கினால் ஏறக்குறைய இந்த விலையில் தொடங்கும் என்று காட்டுகிற எண். அந்த வியாழக்கிழமை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிகாடு நெருங்கியதும் எல்லோரும் வழக்கம்போலக் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். நான் மூடவில்லை.

"தம்பி, மூக்கு கீக்கு அடச்சிருக்கா ஒனக்கு? மூடுப்பா" என்றார் பின்சீட்டு அம்மா.

அப்போதுதான் தொழிற்பேட்டையின் ரசாயன நெடி எனக்கு உறைத்தது. மூடிவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினொன்று. நாங்கள் வாங்கிய விலை முந்நூற்று அறுபத்தைந்து.

நாங்கள் என்று எழுதுவது சரியில்லை. பணம் மாமாவுடையது. அக்காவின் கணவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பதினான்கு வருடம் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போய், மூன்று வருடங்களுக்கு முன்புதான் ஒரு படகில் பாதிக்குச் சொந்தக்காரர் ஆனார். மறுபாதி அவருடைய கூட்டாளிக்கு. எங்கள் பக்கம் படகின் உரிமையை இன்னும் அணாவில்தான் சொல்வார்கள். முழுப் படகு பதினாறு அணா, ஆளுக்கு எட்டணா. மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, இன்ஜினைக் கழற்றி, முழு வேலையும் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மாமாவின் பங்குச் செலவு நாலு லட்சம். வருடம் பூராவும் சேர்த்து, அக்காவின் பேரிலும் தன் பேரிலும் வங்கியில் போட்டு வைத்திருந்தார். இன்ஜின் மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. தடை முடிய அதற்குமேல் ஒரு வாரம்தான் இருந்தது. கூட்டாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: பணம் வரவில்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவேன்.

அந்த நாலு லட்சத்தில் ஏறக்குறைய மொத்தத்தையும் நான்தான் பங்கில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் பி.காம். படித்தேன், அங்கேயே தெற்கு வீதியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அதிலிருந்து காகிதம் என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, படகு உரிமம், ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சார வாரியத்தின் நோட்டீஸ். நான் கை காட்டிய இடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு வருடம் முன்பு, அக்காவுக்கும் மாமாவுக்கும் பங்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். புதிதாகச் சந்தைக்கு வரும் பங்குகளுக்கு விண்ணப்பம் போடுவோம். கேட்கிறவர்கள் அதிகம், இருக்கிற பங்கு குறைவு என்பதால் குலுக்கல் மாதிரிதான் ஒதுக்குவார்கள். பத்துத் தடவைக்கு மேல் போட்டதில் ஒரே ஒரு முறை அக்கா பேருக்கு விழுந்தது. விற்று வந்த லாபத்தில் ஒரு மிக்சி வாங்கினாள். மற்ற எல்லாத் தடவையும் பணம் திரும்பிவிட்டது. திரும்பிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, அது வங்கியைவிட்டு வெளியே போகவே போகாது. விண்ணப்பம் போட்டதும் அந்தத் தொகையை வங்கியிலேயே கட்டி வைப்பார்கள், பங்கு கிடைக்கவில்லையென்றால் மூன்று நாளில் அவிழ்த்துவிடுவார்கள்.

இதுதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. பத்து முறை பத்திரமாகத் திரும்பிய பணம் பதினோராம் முறையும் திரும்பும் என்று உடம்பே நம்பிவிட்டது.

இந்தப் பங்கைப் பற்றி முதலில் பேச்சு எடுத்தவர் மாமா. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் கரையேற்றிய படகுக்கடியில் உட்கார்ந்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு போனேன்.

"மச்சான், ஐஸ் லாரில ஒரு பொட்டி தொங்குமே, உள்ள எவ்ளோ குளிர் இருக்குதுன்னு போன்ல காட்டுமே. அந்தக் கம்பெனி பங்கு வருதாமே?"

"ஆமா மாமா. நாளைக்குத்தான் கடைசி நாளு."

"தடைக்கு முந்தி எண்ணிப் பாத்தேன். ஏழு வண்டி நின்னுச்சி. ஏழுலயும் தொங்குது. கேரளா வண்டில கூட இருக்குது. இன்னா வியாபாரம் பண்றான் பாரு."

"ஒரு லாட் போடலாம் மாமா. நாப்பது பங்கு ஒரு லாட்டு. எத்தனை கேட்டாலும் குலுக்கல்ல விழுந்தா ஒண்ணுதான் விழும்."

அவர் சுரண்டியைக் கீழே வைத்தார். "ஏலத்துல நீ நின்னதில்ல மச்சான். ஒரு கூடை கேக்கறவனுக்கு ஒண்ணும் கெடைக்காது. அவன ஆளாவே மதிக்க மாட்டான். பத்து கூடை வேணும்னு நின்னாதான் ரெண்டு கூடையாவது தள்ளுவான்."

"அது மீனு மாமா."

"இதுவும் விக்கறதுதான? எவ்ளோ வரைக்கும் கேக்கலாம்?"

"சின்ன ஆளுங்க ரெண்டு லட்சத்துக்குள்ள. இதுல பதிமூணு லாட் வரும்."

"அப்ப பதிமூணு போடு. அக்கா பேர்லயும் பதிமூணு. காசு எங்கயும் போவாதில்ல?"

"போவாது. விழலன்னா வியாழக்கிழமைக்குள்ள அவுத்து வுட்டுருவாங்க."

"அப்பறம் இன்னா. சும்மாதான தூங்குது."

பதின்மூன்று கேட்டாலும் ஒன்று கேட்டாலும் குலுக்கலில் ஒரே வாய்ப்புதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே, அவர் ஆசைக்குப் போட்டுவிட்டுப் போகலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். குலுக்கலே நடக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. கேட்பவர்கள் குறைந்தால், கேட்டவருக்குக் கேட்ட அத்தனையும் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் இந்த நினைவை எழுதுவதில் அர்த்தமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், அந்த நிறுவனம் வெளியிட்ட விவரப் புத்தகத்தைக் கணினியில் திறந்து படித்தேன். அதில் ஆபத்துகள் என்று ஒரு பெரிய பகுதி இருக்கும். முதலீடு செய்கிறவன் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று நிறுவனமே எழுதிக் கொடுக்கும் பக்கங்கள். சட்டப்படி எழுதியாக வேண்டும். ஒருவரும் படிப்பதில்லை. தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூட லாபம் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, இப்படிப்பட்ட நிறுவனங்கள் எல்லாமே அப்படித்தான் எழுதும். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. எங்கள் கருவிகளில் பெரும்பகுதி முதல் வருடம் இலவசமாகப் பொருத்தப்பட்டவை, இலவசக் காலம் முடிந்தபின் வாடிக்கையாளர்கள் பணம் கட்டித் தொடர்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். துறைமுகத்தில் மாமா எண்ணிய ஏழு பெட்டியும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் ஏழு விரலைக் காட்டிப் பேசியபோது இது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருடம் படகு இன்சூரன்சுக் காகிதம் வந்தபோது அதிலிருந்த நிபந்தனை அத்தனையையும் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பட்டியல் முடிவதற்குள் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்த முழுசா கேட்டா எவனும் கடலுக்குப் போவ மாட்டான் மச்சான். எங்க போடணும் கையெழுத்து, அத்த சொல்லு." கூட இருந்த கூட்டாளியும் சிரித்தார். அன்றிலிருந்து படித்ததில் பாதியைச் சொல்லி, மீதியை விழுங்கப் பழகிவிட்டேன். இது சாக்கு இல்லை. நடந்தது இது.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆபீசில் பார்த்தேன். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு ஒதுக்கிய பகுதி நிரம்பவே இல்லை. விண்ணப்பத்தை ரத்து செய்ய இன்னும் நேரம் இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. படகுக்கடியில் மிஷின் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார், காது கேட்காது என்று தெரியும். கடைசி நேரத்தில் கூட்டம் வரும், எப்போதும் வரும் என்று சொல்லிக்கொண்டு, முடிக்க வேண்டிய வரி ரிட்டர்னை எடுத்து வைத்துக்கொண்டேன். மறுபடி கூப்பிடவில்லை. அக்காவையாவது கூப்பிட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஒதுக்கீடு வெளியானது. அக்கா பேரில் ஐந்நூற்று இருபது. மாமா பேரில் ஐந்நூற்று இருபது. முழுசாக. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரை நொடி எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பத்து தடவை கிடைக்காதது கிடைத்துவிட்டதே என்று. அப்புறம்தான் சுவர்க் காலண்டரில் சனிக்கிழமையைத் தேடினேன்.

மாமாவிடம் போனில் சொன்னேன்.

"முழுசாவா? பதிமூணுமா?" என்று சிரித்தார். "பாத்தியா, கேட்டாதான் குடுப்பான்னு சொன்னேனா இல்லையா?"

 சிரிப்பு மெதுவாக நின்றது.

"மச்சான். அப்ப இன்ஜின் காசு?"

"அது போயிடுச்சி மாமா. பங்கா ஆயிடுச்சி. வியாழக்கிழம காலைல விக்கலாம். அன்னிக்கே வித்தா வெள்ளிக்கிழம கணக்குல சேரும். சனிக்கிழம பேங்குக்கு வந்துரும்."

"அப்ப சரியாத்தான இருக்குது. மேல வெச்சி வித்துட்டு, லாபத்துல அக்காவுக்கு எதுனா வாங்கிக் குடுப்போம்."

மேலே போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் அன்று சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பேருந்து புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த எண் முந்நூற்று இரண்டு. சிதம்பரத்தில் இறங்கி ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் உட்கார்ந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிடம். ஆடிட்டர் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, வரும்போதே போனும் கையுமா?"

"ஒரு பத்து நிமிஷம் சார். வீட்டு விஷயம்."

"வெளிய போய்ப் பேசிட்டு வா. போன பாத்துக்கிட்டே உக்காந்து ரிட்டர்ன்ல ஒரு சைபர் ஜாஸ்தி போட்டுடாத."

தெற்கு வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றேன். பத்து மணிக்கு வியாபாரம் திறந்தது. முந்நூற்று நாலு.

பங்கை விற்க வேண்டுமென்றால், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்கு ஓர் எண் வரும். அதை நான் போட்டால்தான் விற்பனை நடக்கும். மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, முந்நூத்தி நாலுல தொறந்திருக்கு. வித்துடலாம். இப்ப ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், படிச்சி சொல்லுங்க."

"இரு, இரு. எவ்ளோ நஷ்டம்?"

"ரெண்டு கணக்கும் சேத்து அறுபதாயிரத்துக்கு மேல."

பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. "ஏலத்துல மொதல்ல கம்மியாதான் கேப்பான் மச்சான். யாரும் மொத கேள்விக்கே கூடைய தூக்கிக் குடுத்துர மாட்டாங்க. மத்தியானம் வரைக்கும் வுடு. ஏறும்."

"ஏறாது மாமா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. சந்தை அப்படி, கூட்டம் குறைவு, வெளியில் பேசுகிறார்கள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவர் மத்தியானம் வரை காத்திருப்பார். அவரை உலுக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அந்தப் பொட்டி எல்லாம் சும்மா குடுத்தது மாமா. ஒரு வருஷம் இலவசம். அதுக்கப்பறம் காசு கட்டுவாங்களான்னு கம்பெனிக்கே தெரியாது. அவுங்களே எழுதியிருக்காங்க. நான் படிச்சேன்."

மாமா அங்கே யாரிடமோ சுத்தியலை நிறுத்தச் சொன்னார்.

"எப்ப படிச்ச?"

"போன சனிக்கிழம."

"நான் ஏழு வண்டி எண்ணுனேன்னு சொன்னது ஞாயித்துக்கிழம."

"ஆமா மாமா."

போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அணைத்தே வைத்திருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுசாகச் சொன்னேன், என் தப்பு உள்பட. 

"அவுரு விக்க வேணான்னாரா?"

"மத்தியானம் வரைக்கும் இருன்னாரு. இப்ப போன அணைச்சிட்டாரு."

"எட்டு எட்டா இருந்தாதான்டா ரெண்டு பேரும் ஓனரு. அவன் வேற ஆள சேத்துக்கிட்டா இவுரு திரும்ப கூலிக்குத்தான் போவணும். அந்தப் பதினாலு வருஷமும் நான் பாத்துட்டேன்." நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என் கணக்கு என் பேர்லதான இருக்குது?"

"ஆமாக்கா."

"அப்ப என்னுத வித்துரு. அவுருகிட்ட நான் பேசிக்கறேன்."

அவளுக்கு எண் போனது. அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் எண்களில் தடுமாற மாட்டாள். அன்று தடுமாறினாள்.

"ஏழு... ரெண்டு... இது ஒம்போதா ஆறா தெரியலடா, போன் கண்ணாடி ஒடஞ்சி கெடக்குது அந்த எடத்துல."

"ஆறு போடறேன்." தவறு என்று வந்தது. அதற்குள் விலை முந்நூற்று ஒன்றுக்கு இறங்கி, திரும்ப முந்நூற்று மூன்றுக்கு வந்தது. இன்னொரு எண் அனுப்பினேன். இந்தத் தடவை போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக இரண்டு தரம் சொன்னாள். முந்நூற்று மூன்றில் அவளுடைய ஐந்நூற்று இருபதும் விற்றது.

"வித்துச்சா?"

"வித்துச்சிக்கா."

"சரி. அவுருத பாரு. வெயில் வந்துடுச்சி, நான் கருவாட்டத் திருப்பணும்" என்று வைத்துவிட்டாள்.

ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தேன். பதினோரு மணி, இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு. மேஜை விளிம்பில் போனைக் கவிழ்த்து வைப்பேன், ஐந்து நிமிடம்கூடத் தாங்காது, நிமிர்த்திப் பார்ப்பேன். மாமா போனை மறுபடி ஆன் செய்திருந்தார், ஆனால் எடுக்கவில்லை. ஒன்றரை மணிக்கு இருநூற்று எண்பத்தைந்து. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூன்றரை மணிக்குச் சந்தை மூடிவிடும். அன்று விற்காவிட்டால் சனிக்கிழமைக்குள் பணம் வராது. வெள்ளிக்கிழமை விலை எங்கே இருக்குமென்று யாருக்குத் தெரியும்? எழுந்து துறைமுகத்துக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். பேருந்து பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். யோசிக்கும்போதே நேரம் கடந்துவிட்டது.

மூன்று மணி பதினேழு நிமிடத்துக்குப் போன் அடித்தது. மாமா.

"நம்பரு வரும்னியே. அனுப்பு."

 அனுப்பினேன். ஒவ்வோர் எண்ணாக, ஏலத்தில் விலை கூவுவது மாதிரி உரக்கச் சொன்னார். பக்கத்து மேஜைக்கே கேட்டிருக்கும். இருநூற்று எழுபத்திரண்டில் விற்றது.

"ஆச்சி மாமா."

"ம்." அப்புறம் சொன்னார்: "இன்னிக்கு நாலு வண்டிதான் நின்னுச்சி. ஒவ்வொண்ணா போய் ஏறிப் பாத்தேன். மூணுல அந்தப் பொட்டி இல்ல. கழட்டி சீட்டுக்கடில போட்டு வெச்சிருக்கான். சும்மா குடுத்தானுங்க, இப்ப மாசாமாசம் காசு கேக்கறானுங்க, எவன் கட்டுவான்னு சொல்றான் டிரைவரு."

"மாமா, என்கிட்ட இருபத்திரண்டாயிரம் இருக்குது. நாளைக்கே..."

"வெச்சிக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மொத்த நஷ்டம் எண்பதாயிரம். சனிக்கிழமை காலை மீதிப் பணம் வங்கிக்கு வந்தது. போதவில்லை. நான் அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இன்ஜின் பட்டறை வாசலில் மாமாவும் கூட்டாளியும் நின்றிருந்தார்கள். கூட்டாளி கெட்டவர் இல்லை. குறையும் பணத்தை நானே போட்டு இன்ஜினைப் படகில் இறக்குகிறேன், ஆனால் அதற்கு ஈடாக ஒரு அணா என் பக்கம் வர வேண்டும் என்றார். ஒன்பதுக்கு ஏழு. மாமாவை வெளியே தள்ளவில்லை. ஆனால் எந்தத் துறைக்குப் போவது, படகை ஓட்டும் ஸ்ராங்காக யாரை வைப்பது, மீனை எந்த வியாபாரிக்குத் தள்ளுவது, இதில் எல்லாம் இனி கூட்டாளி சொல்வதுதான் முடிவு.

"அன்னிக்கு சிரிச்சது நானும்தான்" என்று கூட்டாளி என்னைப் பார்த்துச் சொன்னார். "அதனால ஒன்னிய ஒண்ணும் சொல்ல எனுக்கு வாயில்ல. ஆனா படகு படகுதான்."

இன்சூரன்சுக் காகிதத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மாமா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார்.

ஸ்டாம்ப் பேப்பரில் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். இரண்டு பக்கம். மெக்கானிக் ஒரு டீசல் டின்னைக் கவிழ்த்துத் துடைத்து அதன்மேல் வைத்தார். கூட்டாளி முதலில் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார். இரண்டு கையிலும் நீல பெயின்ட். பேனாவைக் காகிதத்தின் மேல் வைக்கப் போனவர் நிறுத்தினார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"படி."

"நான் ஒருவாட்டி பாத்துட்டேன் மாமா. அவுரு சொன்னதுதான் இருக்குது, வேற..."

"வாய்வுட்டுப் படி. ஒண்ணும் வுடாம."

எடுத்துப் படித்தேன். பட்டறைக்குள் வெல்டிங் சத்தம், அதனால் கொஞ்சம் கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. இன்னார் மகன் இன்னார், இன்ன முகவரி. படகின் பதிவு எண், நீளம், அகலம், இன்ஜின் எண். ஒன்பது அணா, ஏழு அணா. செலவு எப்படி, வரவு எப்படி. ஒருவர் விலக நினைத்தால் எத்தனை நாளுக்கு முன்பு சொல்ல வேண்டும். படகுக்குச் சேதம் வந்தால் யார் எவ்வளவு ஏற்பது. சில வரிகள் முந்தின வரியையே திருப்பிச் சொன்னவை, எந்த ஆபீசிலும் கண்ணால் தாண்டிப் போகிற வரிகள். தாண்டவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் மாமா கையைத் தூக்கினார், நிறுத்தி அர்த்தம் சொன்னேன். ஓர் இடத்தில், படகை அடமானம் வைக்க ஏழு அணாக்காரரின் சம்மதம் தேவையில்லை என்று இருந்தது.

"இது நீ சொல்லலியே" என்றார் மாமா, கூட்டாளியிடம்.

"அது டைப் அடிக்கறவரு வழக்கமா போடறது. நானே கவனிக்கல."

"அடிச்சி வுடு."

கூட்டாளி கொஞ்சம் யோசித்து, பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். ஓரத்தில் இருவரும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்கள். நான் மேலே படித்தேன். இரண்டாம் பக்கம், சாட்சிகளுக்கான இடம், தேதி. முடிந்தது என்று காகிதத்தை டின்மேல் வைத்தேன்.

மாமா குனிந்து பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பி, அதன் பின்புறத்தில் இருந்த மங்கலான ரப்பர் முத்திரையில் பெயின்ட் விரலை வைத்தார்.

"இது இன்னா?"

"அது ஒண்ணும் இல்ல மாமா. ஸ்டாம்ப் வித்தவரோட பேரும் லைசன்ஸ் நம்பரும்."

"அதயும் படி."

காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதையும் படித்தேன்.